மின்னூல் வாசிப்பான் வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று கிடைக்கும் வாசிப்பான்களில் எது சிறந்தது?

இதற்கு விடை தேடுமுன் வேறு இரண்டு கேள்விகளுக்கு நீங்கள் விடை சொல்லிக்கொள்ள வேண்டும். நீங்கள் படிக்கப்போவது எவ்வகை நூல்? அதை எங்கிருந்து பெறப்போகிறீர்கள்? நாவல்களையும் கட்டுரைகளையும் மட்டும் படிப்பவருக்கு மிகவும் பிடித்துப்போகும் கருவி, அட்டவணைகளும் சமன்பாடுகளும் நிறைந்த பாடநூல்களைப் படிப்பவருக்கு ஒரே வாரத்தில் சலித்துவிடும். விளம்பரங்கள் திரையின் கூர்மையையும் நினைவகத்தையும் வேகத்தையும் பெரிதாகப் பேசுகின்றன. ஆனால் பெயர் பெற்ற நிறுவனங்களின் ஆறு, ஏழு அங்குலக் கருவிகளுக்கிடையே இவற்றில் உள்ள வேறுபாடு இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. எந்தக் கோப்பைத் திறக்கும், எந்தக் கடையோடு பிணைந்திருக்கிறது என்பவற்றில்தான் கருவிக்குக் கருவி உண்மையான வேறுபாடு இருக்கிறது. வாங்கிய பின் வரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் முதலில் யோசிக்காததால் வருபவை என்பது என் கருத்து.

கைப்பேசியும் டேப்லெட்டும் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு?

பலருக்குத் தேவையில்லை என்பதே நேர்மையான விடை. ஆண்டுக்கு இரண்டு மூன்று நூல்கள் படிப்பவர், கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவிக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

தொடர்ந்து மணிக்கணக்கில் படிப்பவருக்கு வேறுபாடு திரையில் இருக்கிறது. டேப்லெட்டின் திரை தானே ஒளியை உமிழ்கிறது. வாசிப்பானின் மின்மைத் திரை, அச்சிட்ட தாளைப் போலவே, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதனுள் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமனுள்ள நுண்குமிழ்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வர, மற்றது கீழே போகிறது. ஒருமுறை அமைந்த பக்கம் மின்சாரமின்றியே அப்படியே நிற்கும் என்பதால், பக்கம் மாறும் நொடியில் மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படுகிறது. இந்த நுட்பத்தை உருவாக்கிய ஈ இங்க் நிறுவனம் 1997இல், அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் மீடியா லேப் ஆய்வுகளிலிருந்து பிறந்தது. இதைப் பயன்படுத்திய முதல் விற்பனைக் கருவியை 2004இல் சோனி ஜப்பானில் வெளியிட்டது. அமேசானின் கிண்டில் 2007இல் வந்தது.

இதனால் கிடைக்கும் பயன்கள் வெயிலிலும் தெளிவாகத் தெரியும் எழுத்து, வாரக்கணக்கில் நிற்கும் மின்கலம், இடையில் குறுக்கிடும் அறிவிப்புகளின்மை ஆகியவை. என் பார்வையில் மூன்றாவதே மிகப் பெரிய பயன். இழப்புகளும் உண்டு: பக்கம் மாறுவதில் சிறு தாமதம் இருக்கும், முந்தைய பக்கத்தின் மங்கலான நிழல் சில சமயம் தங்கும், அதை அழிக்க அவ்வப்போது திரை முழுவதும் ஒருமுறை கறுத்து வெளுக்கும். கண் களைப்பே வராது என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். எழுத்தின் அளவு, அறையின் வெளிச்சம், நீங்கள் கண் சிமிட்டாமல் உற்றுப் பார்ப்பது ஆகியவையும் களைப்புக்குக் காரணமாகின்றன.

ஆறு அங்குலம் போதுமா, ஏழு அல்லது பத்து அங்குலத் திரை வேண்டுமா?

எழுத்து மட்டுமே உள்ள நூல்களுக்கு ஆறு அங்குலம் போதும். இந்த அளவுக் கருவிகளின் எடை பெரும்பாலும் 160 முதல் 180 கிராமுக்குள் இருக்கும். படுத்துக்கொண்டு ஒரே கையில் பிடித்துப் படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர்களுக்கு ஏழு அங்குலம் வசதியானது, ஏனெனில் ஆறு அங்குலத் திரையில் பெரிய எழுத்தை வைத்தால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே அமைந்து, பக்கத்தை ஓயாமல் திருப்ப வேண்டியிருக்கும். தமிழின் நீண்ட சொற்களுக்கு இந்த இடநெருக்கடி இன்னும் கூடுதலாகத் தெரியும். பத்து அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை மேசையில் வைத்துப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் உரியவை. பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் நின்றபடி படிப்பதற்கு அவை பொருந்தா.

நான் படிப்பவை பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகள். எந்தக் கருவி ஒத்துவரும்?

தவறான கருவியை வாங்கிவிட்டு வருந்துபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இபப் போன்ற மின்னூல் கோப்பில் எழுத்துகள் திரைக்கேற்ப ஓடி அமையும். அளவைக் கூட்டினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் அப்படிச் செய்யாது. அது அச்சுப் பக்கத்தின் உருவத்தை மாறாமல் காப்பதற்காகவே வகுக்கப்பட்ட வடிவம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 91 மில்லிமீட்டர். அந்தத் தாள் முழுவதையும் இந்தத் திரையில் அடக்கினால், 12 புள்ளி (எழுத்தளவைக் குறிக்கும் அச்சு அலகு) அளவில் அச்சான எழுத்து 5 புள்ளிக்குச் சற்று மேலான அளவுக்குக் குறுகிவிடும். அதை இளைஞர்களாலும் நெடுநேரம் படிக்க முடியாது. 10.3 அங்குலத் திரையில் அதே எழுத்து ஏறக்குறைய 9 புள்ளியாக நிற்கும். இது படிக்கத்தக்க அளவு. அச்சு நூல்களில் வழக்கமான ஏ5 அளவுப் பக்கமோ அத்திரையில் ஏறக்குறைய உள்ளது உள்ளபடியே அமைந்துவிடும். 13.3 அங்குலத் திரை ஏ4 தாளுக்கு மிக அருகில் வருகிறது.

பெரிதாக்கி, பக்கத்தை இங்குமங்கும் நகர்த்திப் படிக்கலாமே என்று தோன்றலாம். டேப்லெட்டில் அது எளிது. மின்மைத் திரையில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காத்திருக்க வேண்டியிருப்பதால் சலிப்புத் தட்டிவிடும். சில கருவிகளில் ஓரங்களை வெட்டும் வசதியும், பக்கத்தைப் பாதியாகப் பிரித்துக் காட்டும் வசதியும், கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் படிக்கும் வசதியும் உள்ளன. வாங்குமுன் இவற்றைச் சோதியுங்கள். கேடுபிடிஎஃப்ஆப்ட் என்ற கணினி நிரலும் கேஓரீடர் என்ற திறமூல வாசிப்பு நிரலும் பிடிஎஃப் வரிகளைச் சிறு திரைக்கேற்ப மாற்றி அடுக்கித் தரும். பக்கத்தில் ஒரே நெடுவரிசையாக ஓடும் உரைநடைக்கு இவை பயன்படுகின்றன. இரண்டு மூன்று நெடுவரிசைகளாக அமைந்த ஆய்வுக் கட்டுரைகளிலும் சமன்பாடுகளிலும் சில சமயம் தடுமாறுகின்றன.

ஆகவே உங்கள் வாசிப்பில் பாதிக்கு மேல் பிடிஎஃப் என்றால், பத்து அங்குலத்துக்குக் குறைந்த வாசிப்பானை வாங்குவதைவிட ஒரு டேப்லெட்டை வாங்குவது நல்லது. வாசிப்பான்களைப் பற்றிய பக்கத்தில் இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றினாலும் உண்மை அதுதான்.

கிண்டில், கோபோ, பாக்கெட்புக் ஆகியவற்றில் எதைத் தேர்வது?

கருவியைத் தேர்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நடைமுறையில் கடையைத் தேர்கிறோம். மின்னூல்களுக்கான பொது வடிவமான இபப் 2007இல் தரப்படுத்தப்பட்டது. அமேசான் தவிர்த்த ஏறத்தாழ எல்லாக் கடைகளும் அதையோ அதைச் சார்ந்த வடிவத்தையோ பயன்படுத்துகின்றன. கிண்டில் தன் சொந்த வடிவங்களில் இயங்குகிறது. யூஎஸ்பி வழியாக ஓர் இபப் கோப்பைக் கிண்டிலில் நகலெடுத்து வைத்தால் அது நூலகப் பட்டியலில் தோன்றாது. 2022 முதல், அமேசானின் அனுப்பும் சேவை வழியாக அனுப்பினால் மாற்றப்பட்டு வந்து சேரும். கோபோவும் பாக்கெட்புக்கும் இபப் கோப்பை நேரடியாகத் திறக்கின்றன.

நீங்கள் விரும்பும் எழுத்தாளர்களின் நூல்கள் எந்தக் கடையில் கிடைக்கின்றன என்று முதலில் பட்டியலிட்டுப் பாருங்கள். அடுத்து வாங்க நினைக்கும் பத்து நூல்களின் பெயர்களை எழுதி ஒவ்வொரு கடையிலும் தேடினால் அரை மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். தமிழ் மின்னூல்களைப் பொறுத்தவரை, அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்களைக் கிண்டிலில் கொண்டுவந்தது. தமிழ் நூல்களை விலைக்கு வாங்கிப் படிக்க விரும்புபவர் அதை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க இயலாது. மாறாக, மதுரைத் திட்டம், விக்கிமூலம், குட்டன்பெர்க் திட்டம் போன்ற இலவசத் தொகுப்புகளிலிருந்தே படிப்பவர் எந்தக் கடையையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு இபப் கோப்பைத் தடையின்றித் திறக்கும் கருவி கூடுதல் வசதி.

காலிபர் என்ற இலவச நிரலைக் கணினியில் நிறுவிக்கொள்வது எந்தக் கருவி வைத்திருப்பவருக்கும் பயன்படும். கோவித் கோயல் 2006இல் தொடங்கிய இந்நிரல், பூட்டப்படாத கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும், நூல்களை வகைப்படுத்தி வைக்கும், கருவிக்கும் அனுப்பும்.

பணம் கொடுத்து வாங்கிய மின்னூல் எனக்கே சொந்தம்தானே?

பெரும்பாலும் இல்லை. பெரிய கடைகளில் நீங்கள் வாங்குவது படிப்பதற்கான உரிமத்தை மட்டுமே. நூல்களில் பல, டிஆர்எம் எனப்படும் பூட்டுடன் வருகின்றன. அவற்றை வேறு நிறுவனத்தின் கருவிக்குக் கொண்டுபோகவோ, படித்து முடித்த பின் நண்பருக்குக் கொடுத்துவிடவோ முடியாது. 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கல் காரணமாக, சில நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கியது; எதிர்ப்பு எழுந்ததும் அதன் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாசகர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, நூல்கள் மறைந்துபோயின. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலை வலைத்தளத்திலிருந்து கணினிக்குத் தரவிறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது.

இதற்காக மின்னூலையே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒருமுறை படித்துவிட்டு விடக்கூடிய நூல்களுக்கு இந்த ஏற்பாடு போதுமானது. வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க விரும்பும் நூலை, பூட்டில்லாமல் விற்கும் பதிப்பாளரிடம் கிடைத்தால் அங்கே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அச்சுப் பிரதியாக வாங்கிவிடுங்கள்.

பொது நூலகத்திலிருந்து மின்னூல்களை இரவல் பெற்று வாசிப்பானில் படிக்க முடியுமா?

உங்கள் நூலகம் எந்தச் சேவையைப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. ஓவர்டிரைவ் என்ற சேவை பல நாடுகளின் நூலகங்களில் உள்ளது. கோபோ கருவிகளில் அது உள்ளமைந்தே வருகிறது. அதே சேவையின் நூல்களைக் கிண்டிலில் பெறும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. வாங்குமுன் நூலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியுமா?

இதை விற்பனைப் பக்கங்களில் காண முடியாது. நாமேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோட்) ‘கெ’ என்று எழுதும்போது முதலில் ககரமும் அதன் பின் ஒற்றைக் கொம்பும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும் நிரல் அந்தக் கொம்பை முன்னால் கொண்டுவந்து அமைக்க வேண்டும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றில் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கை அறியாத நிரலில் கொம்பு தவறான இடத்தில் போய் உட்காரும். இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தோன்றும்.

ஆகவே ‘கொடுத்தான், கோயில், சௌக்கியம், ஸ்ரீ’ போன்ற சொற்கள் உள்ள ஒரு சிறு இபப் கோப்பை உருவாக்கி, கருவியில் ஏற்றிப் பாருங்கள். நூலின் உள்ளே சரியாகத் தெரிந்தாலும், பட்டியலில் வரும் நூற்பெயர், தேடல் பெட்டி, அகராதி ஆகியவற்றிலும் தமிழ் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேதான் பல கருவிகள் சறுக்குகின்றன. கிண்டிலிலும் கோபோவிலும் சொந்த எழுத்துருக்களைச் சேர்க்கலாம். உள்ளே வரும் தமிழ் எழுத்துரு மெலிந்தோ நெருக்கமாகவோ தோன்றினால், தடித்த ஓர் எழுத்துருவைச் சேர்ப்பதால் படிப்பது மிகவும் எளிதாகும்.

வரிகளை இருபுறமும் சமன்செய்யும் அமைப்பையும் தமிழுக்கு நிறுத்திவிடுவதே நல்லது. சொல்லை வரியின் இறுதியில் பிரிக்கத் தெரியாத கருவி, ‘செய்துகொண்டிருந்தபோதிலும்’ போன்ற சொல்லை அப்படியே அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, மீதமுள்ள இரண்டு சொற்களுக்கிடையே பெரும் இடைவெளியை விட்டுவிடும்.

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் உருவான பழைய பிடிஎஃப் கோப்புகள் தனிச் சிக்கல். அவை பார்வைக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு குறியீடுகளாகவே இருக்கின்றன; அவற்றை இபப் வடிவத்துக்கு மாற்றினால் பொருளற்ற குறிகளே வரும். முதலில் குறியேற்ற மாற்றி ஒன்றின் வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்த பிறகே அவை வாசிப்பானுக்கு உதவும்.

வண்ணத் திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

காமிக்ஸ், சிறுவர் நூல்கள், வண்ண வரைபடங்கள் ஆகியவற்றைப் படிப்பவர் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்ண வாசிப்பான்களில் பெரும்பாலானவற்றில் கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் நுண்ணிய வண்ண வடிகட்டி பதிக்கப்படுகிறது. பரவலாக உள்ள கலெய்டோ 3 திரையில் கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கிடைக்கின்றன. வண்ணத்துக்கோ 150 மட்டுமே. வடிகட்டி ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் திரை சற்றுச் சாம்பல் நிறமாகத் தோன்றும். திரைக்கு ஒளியூட்டும் முன்விளக்கையும் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும். நிறங்கள் செய்தித்தாளின் வண்ணப் படங்களைப் போல அடங்கியே இருக்கும். டேப்லெட்டின் பளபளப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இரவில் படிப்பதற்கு எத்தகைய விளக்கு வேண்டும்?

இப்போதைய கருவிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் முன்விளக்கு உண்டு. திரையின் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகளின் ஒளி, ஒரு மெல்லிய படலத்தின் வழியாகப் பரவித் திரையின்மேல் விழுகிறது. சில கருவிகளில் ஒளியை நீலம் கலந்த வெண்மையிலிருந்து மஞ்சள் சாயலுக்கு மாற்றலாம். இருட்டில் படிக்கும் பழக்கமுள்ளவர் இந்த வசதி இருக்கும் கருவியையே வாங்குவது நல்லது. அடிப்படை மாதிரிகள் சிலவற்றில் இது இருக்காது. வெளிச்சத்தை மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுபோக முடிகிறதா என்பதையும் இருட்டறையில் பாருங்கள், ஏனெனில் சில கருவிகளின் மிகக் குறைந்த அளவே கண்ணைக் கூச வைக்கும்.

மின்கலம், நினைவகம், நீர்க்காப்பு ஆகியவற்றில் எதைப் பார்க்க வேண்டும்?

மின்கலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ‘ஆறு வாரம் நிற்கும்’ போன்ற கணக்குகள் பெரும்பாலும் நாளொன்றுக்கு அரை மணி நேர வாசிப்பையும் வைஃபை நிறுத்தப்பட்ட நிலையையும் வைத்துச் சொல்லப்படுபவை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

எழுத்து மட்டுமுள்ள நூல் ஒன்று பெரும்பாலும் ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடுவதால், 8 ஜிபியிலேயே சில ஆயிரம் நூல்களை வைக்கலாம். ஒலிநூல்களும் காமிக்ஸும் ஸ்கேன் செய்த நூல்களும்தான் இடத்தை விழுங்கும். ஐபிஎக்ஸ்8 என்ற நீர்க்காப்புத் தரமுள்ள வாசிப்பான்கள் பொதுவாக இரண்டு மீட்டர் ஆழ நன்னீரில் ஒரு மணி நேரம் வரை தாங்கும் என்று சொல்லப்படுகின்றன. கடல் நீருக்கும் சோப்பு நீருக்கும் அந்த உறுதி பொருந்தாது.

பக்கம் திருப்பும் பொத்தான்கள் தேவையா?

பிடித்துப்போனவர்கள் அவை இல்லாத கருவிக்குத் திரும்புவதில்லை. விரலால் திரையைத் தொட்டால் போதும் என்று நினைப்பவர், ஒரே கையில் அரை மணி நேரம் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

குறிப்பெழுதும் பேனாவோடு வரும் கருவிகள் பயன்படுமா?

கையால் எழுதிச் சிந்திப்பவருக்கும், கட்டுரைகளைத் திருத்துபவருக்கும், ஆசிரியர்களுக்கும் மிகவும் பயன்படும். ஆனால் பிடிஎஃப் மேல் நேரடியாக எழுதுவதும், எழுத்து ஓடி அமையும் மின்னூலில் எழுதுவதும் வேறு வேறு. பின்னதில் எழுத்தளவை மாற்றினால் வரிகள் நகர்ந்துவிடும் என்பதால், உங்கள் கிறுக்கலை எங்கே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகத் தீர்க்கிறது. எழுதிய குறிப்புகளைக் கருவியிலிருந்து வெளியே எடுக்க முடிகிறதா, எந்த வடிவத்தில் வருகின்றன என்பதை முதலில் கேளுங்கள். கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதி தமிழுக்கு உண்டா என்பதையும் தனியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் இயங்கும் வாசிப்பான்கள் எப்படி?

ஓனிக்ஸ் பூக்ஸ் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. பல கடைகளின் செயலிகளை ஒரே கருவியில் நிறுவலாம் என்பது பெரிய விடுதலை. ஒரே கடையோடு கட்டுண்டு கிடக்க விரும்பாதவருக்கும், பல வகைக் கோப்புகளைப் படிப்பவருக்கும் இவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அச்செயலிகளில் பல வண்ணத் தொடுதிரைகளுக்காக எழுதப்பட்டவை. மின்மைத் திரையில் நடுங்கியும் நிழல்தட்டியும் ஓடுவதால், ஒவ்வொன்றுக்கும் அமைப்புகளைத் திருத்த வேண்டியிருக்கும். மின்கலமும் விரைவில் இறங்கும். திறந்தவுடன் படிக்கத் தொடங்க விரும்பும் பெற்றோருக்கு வாங்கித் தருவதாக இருந்தால் எளிய கருவியே மேல்.

பார்வை குறைந்தவர்களுக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

எழுத்தை எவ்வளவு பெரிதாக்கலாம், எவ்வளவு தடிப்பாக்கலாம் என்பதை முதலில் பாருங்கள். நூலின் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, பட்டியல்களையும் அமைப்புப் பக்கங்களையும் சிறியதாகவே விட்டுவிடும் கருவிகள் உள்ளன. அவற்றை முதியவர்களால் தனியே இயக்க முடியாது. முற்றிலும் பார்வையற்றவருக்கு வாசிப்பானைவிட, திரையைப் படித்துச் சொல்லும் நிரல் தமிழில் நன்றாக இயங்கும் கைப்பேசியே இப்போதைக்கு நடைமுறைக்கு உகந்தது.

பயன்படுத்திய கருவியை வாங்கலாமா?

நூல்களைக் கணினியிலிருந்து ஏற்றிக்கொள்பவர் தாராளமாக வாங்கலாம். மின்மைத் திரைகள் நன்றாகவே உழைக்கின்றன. கடையிலிருந்து நேரடியாக வாங்க நினைப்பவர் அந்த மாதிரிக்கு இன்னும் ஆதரவு உண்டா என்று பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் பழைய கிண்டில் மாதிரிகள் சிலவற்றில், கருவியிலிருந்தே கடைக்குள் நுழைந்து நூல் வாங்கும் வசதி நிறுத்தப்பட்டது. முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து கருவியை விடுவித்துவிட்டாரா என்பதை, பணம் கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே உங்கள் கணக்கைப் பதிவுசெய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

திரையின் ஓரங்களில் அழியாத கோடுகள் தெரிந்தால் வாங்காதீர்கள். பல வாசிப்பான்களில் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு உள்ளது. பையில் கனமான பொருள் அழுத்தினாலே அது விரிசல் விடும், திரையை மாற்றும் செலவு பழைய கருவியின் விலையைத் தாண்டிவிடக்கூடும். புதிய கருவி வாங்குபவரும் உறையைச் சேர்த்தே வாங்குவது இதனால்தான். உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் இப்போது கேட்கத் தகுந்த கேள்வியாகிவிட்டது: 2024இல் கோபோ தன் மூன்று புதிய மாதிரிகளுக்குப் பழுதுபார்க்கும் வழிகாட்டிகளையும் பாகங்களையும் ஐஃபிக்சிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனத்தின் வழியாகத் தரப்போவதாக அறிவித்தது.